கவுன்சில் வரி பாக்கி, வாசலில் பெயிலிஃப்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில், கவுன்சில் வரி (உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி) பாக்கியை வசூலிக்க வரும் பெயிலிஃப் திடீரென்று வந்து நிற்பதில்லை. அவருக்கு முன்னால் வழக்கமாக நான்கு கடிதங்களாவது வந்திருக்கும். அவை உங்கள் பழைய முகவரிக்குப் போயிருக்கலாம். பலர் சேர்ந்து குடியிருக்கும் வீட்டில், கதவுக்குப் பின்னால் பீட்சா விளம்பரங்களோடு குவிந்து கிடக்கலாம். பார்த்தும் பயத்தில் பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியின் தலைமேல் வைத்திருக்கலாம். எப்படியானாலும், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு கெடு உண்டு; கெடு தாண்டினால் ஒரு விலை உண்டு.

நான் இதில் மாட்டியது, ‘வாடகையில் எல்லாம் அடக்கம்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்ன ஒரு வீட்டுக்காரரால். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வாசகமே இல்லை. கவுன்சிலுக்கோ ஒப்பந்தம்தான் கணக்கு. விவகாரம் கடைசியில் முடிந்தது கடிதங்களால். வாசலில் நின்று பேசியதால் ஒரு காசு கூடக் குறையவில்லை. ஆகவே கீழே உள்ளதில் பாதிக்கு மேல் எழுதுவதைப் பற்றித்தான் இருக்கும்.

இது இங்கிலாந்துக்கான குறிப்பு. வேல்ஸிலும் ஏறக்குறைய இதே நடைமுறைதான். ஆனால் 2019 ஏப்ரலிலிருந்து அங்கே இந்தக் கடனுக்குச் சிறைத் தண்டனை கிடையாது. ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கே வசிப்பவர்கள் இதை நம்பி நடக்க வேண்டாம்.

1. எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள்

கையில் உள்ள எல்லாக் கடிதங்களையும் தேதி வாரியாக அடுக்குங்கள். மேலே உள்ள தலைப்பைப் படித்தாலே கட்டம் தெரிந்துவிடும்.

ரிமைண்டர் நோட்டீஸ்: ஒரு தவணை தவறியதும் வருவது. ஏழு நாளுக்குள் அந்தத் தவணையைக் கட்டிவிட்டால் பழையபடி மாதத் தவணை தொடரும். கட்டாவிட்டால், அதற்கடுத்த ஏழு நாளில் அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரே தடவையில் கட்ட வேண்டியதாகிவிடும். ஒரு நிதியாண்டில் இரண்டு ரிமைண்டர்தான். மூன்றாம் முறை தவறினால், தவணை வசதி போய்விட்டது என்று சொல்லும் ஃபைனல் நோட்டீஸ் நேராக வரும்.

சம்மன்: மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் பெயரில் வருவது. கவுன்சில் தன் செலவுத் தொகையையும் இதில் சேர்க்கும். இந்தத் தொகை ஊருக்கு ஊர் மாறும்.

லயபிலிட்டி ஆர்டர்: இந்தக் கடனை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்ற நீதிமன்ற உத்தரவு. இதற்குப் பிறகுதான் சம்பளத்தில் பிடிப்பதற்கோ பெயிலிஃபை அனுப்புவதற்கோ கவுன்சிலுக்கு அதிகாரம் வருகிறது.

நோட்டீஸ் ஆஃப் என்ஃபோர்ஸ்மென்ட்: இது கவுன்சிலிடமிருந்து வராது, பெயிலிஃப் நிறுவனத்திடமிருந்து வரும். இன்றைய சட்ட மொழியில் அவர்களுக்கு என்ஃபோர்ஸ்மென்ட் ஏஜென்ட் என்று பெயர். கடிதத்தில் அப்படித்தான் இருக்கும்; ஆள் அதே ஆள்தான்.

பெயிலிஃப் கட்டணம் அவரவர் இஷ்டத்துக்குப் போடுவது அல்ல. 2014-இல் வந்த விதிகள் அதை மூன்று கட்டங்களாக நிர்ணயித்தன: கணக்கு அவர்கள் கைக்கு வந்ததும் 75 பவுண்டு, வீட்டுக்கு வந்தால் 235 பவுண்டு, பொருளை எடுத்து விற்கும் கட்டத்தில் 110 பவுண்டு. கடைசி இரண்டு கட்டங்களிலும், கடன் 1,500 பவுண்டுக்கு மேல் இருந்தால் அதற்கு மேற்பட்ட தொகையில் 7.5 சதவீதம் கூடுதல். இந்தத் தொகைகளை அரசு மாற்றக்கூடும் என்பதால், உங்களுக்குக் கடிதம் வரும் நாளில் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஆண்டு வரி 1,800 பவுண்டு என்று வையுங்கள். பத்துத் தவணை, மாதம் 180. ஏப்ரல் கட்டியாகிவிட்டது, மே தவறியது. மீதி 1,620. சம்மன் செலவு 100 என்று கொண்டால் 1,720. கணக்கு பெயிலிஃபிடம் போனதும் 1,795. அவர் ஒருமுறை வந்து கதவைத் தட்டியதும் 235-உடன், 220 பவுண்டின் 7.5 சதவீதமான 16.50 சேர்ந்து 2,046.50. நீங்கள் வீட்டில் இருந்தீர்களா, கதவைத் திறந்தீர்களா என்பதற்கும் இந்தக் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை. அவர் வந்தாலே ஏறிவிடும். எனவே உங்கள் வேலை எல்லாம் அந்த முதல் வருகைக்கு முன்பே முடிய வேண்டும்.

2. இந்தக் கடன் உங்களுடையதுதானா?

பணம் கட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள். நம்மவர்கள் நிறையப் பேர் கட்ட வேண்டாத வரியைப் பயத்தில் கட்டியிருக்கிறார்கள்.

முந்தைய குடியிருப்பாளரின் பெயரில் வந்த கடிதம் என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அனுப்பிய நிறுவனத்துக்கு, இந்த நபர் இங்கே இல்லை, நான் இன்ன தேதியில் குடிவந்தேன் என்று எழுதி, வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் உங்கள் பெயரில் உள்ள கவுன்சில் வரி ரசீதையும் வைத்து அனுப்புங்கள். அவருடைய கடனுக்கு உங்கள் பொருளை எடுக்க முடியாது.

வீட்டுக்காரரும் அதே வீட்டில் வசித்து, நீங்கள் ஓர் அறையில் இருக்கிறீர்கள் என்றால் வரி அவர் பொறுப்பு. ஒவ்வொருவரும் தனித்தனி ஒப்பந்தத்தில் ஓர் அறை எடுத்து, சமையலறையைப் பொதுவாகப் பயன்படுத்தும் வீட்டிலும் பொதுவாக வீட்டு உரிமையாளர்தான் கட்ட வேண்டும். ஆனால் எல்லாரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு: ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. ‘என் பங்கு கட்டிவிட்டேன்’ என்ற வாதம் எடுபடாது. ஊருக்குத் திரும்பிப் போய்விட்ட நண்பரின் பங்கும் உங்கள் தலையில்தான். கணவன் மனைவிக்கும் இதே விதி.

மாணவர் விசாவில் இருப்பவர்கள்: வீட்டில் எல்லாரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரி இல்லை. ஆனால் தானாக நடக்காது. பல்கலைக்கழகத்திடம் சான்றிதழ் வாங்கி கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். பிரிட்டிஷ் குடிமகன் அல்லாத மாணவரின் துணைவருக்கு, விசா நிபந்தனை வேலையையோ அரசு உதவித் தொகையையோ தடுக்குமானால், அவரும் கணக்கில் வரமாட்டார். இதைப் பல கவுன்சில் ஊழியர்களே முதலில் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். பெரிய பொறி படிப்பு முடிந்த பிறகு காத்திருக்கிறது. கிராஜுவேட் விசா கிடைத்து அதே வீட்டில் தொடர்ந்து இருப்பீர்கள். படிப்பு முடிந்த தேதியோடு விலக்கு போய்விடும். பில் மெதுவாகப் பின்னால் வரும்.

வீட்டில் வயதுவந்தவர் நீங்கள் ஒருவரே என்றால் 25 சதவீதத் தள்ளுபடி. ஒருவர் வேலை பார்க்கிறார், மற்றவர் மாணவர் என்றாலும் இதே 25 சதவீதம் கிடைக்கும். முன்தேதியிட்டும் கேட்கலாம். பழைய பாக்கி பெயிலிஃபிடம் போன பிறகு கூட, தள்ளுபடி கிடைத்தால் பாக்கியே குறையும்.

இந்த இடத்தில் விசா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தனிநபர் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் பொது நிதி (பப்ளிக் ஃபண்ட்ஸ்) எனப்படும் அரசு உதவிகளில் சேராது, தயங்காமல் கேளுங்கள். ஆனால் குறைந்த வருமானக்காரர்களுக்கான கவுன்சில் வரிக் குறைப்பு உதவி பொது நிதிப் பட்டியலில் இருக்கிறது. உங்கள் விசாவில் பொது நிதி கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அதற்கு விண்ணப்பிப்பது விசா மீறல் ஆகலாம். கவுன்சில் ஊழியர் நல்லெண்ணத்தில் படிவத்தை நீட்டுவார். நம் விசாவை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் குடிவரவு ஆலோசகரிடம் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள்.

தள்ளுபடி, விலக்கு, பொறுப்பு ஆகியவற்றில் கவுன்சில் மறுத்தால் வேல்யுவேஷன் டிரிபியூனல் என்ற தீர்ப்பாயத்துக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. முதலில் கவுன்சிலுக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. பதில் வந்தபின் இரண்டு மாதத்துக்குள் நீங்கள் மேல்முறையீடு செய்துவிட வேண்டும்.

3. சம்மன் வந்தால்

சம்மன் என்றதும் குற்றவாளிக் கூண்டு நினைவுக்கு வரும். இது குற்ற வழக்கு அல்ல. ஒரே காலையில் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு உத்தரவு போடுவார்கள். பெரும்பாலானோர் போவதே இல்லை.

பணம் இல்லை என்பது அங்கே வாதம் ஆகாது. ஏற்கெனவே கட்டிவிட்டேன், நான் அந்த வீட்டில் இல்லை, எனக்கு பில்லோ ரிமைண்டரோ முறையாக அனுப்பப்படவில்லை என்பவைதான் எடுபடும். அப்படி ஏதாவது இருந்தால் ஆதாரத்தோடு போங்கள். இல்லையென்றால் பயணச் செலவை மிச்சப்படுத்தி, விசாரணைத் தேதிக்கு முன்பே கவுன்சிலுக்கு எழுதித் தவணைத் திட்டம் கேளுங்கள். சம்மனுக்கும் விசாரணைக்கும் இடையில் குறைந்தது பதினான்கு நாள் இருக்கும். பெரும்பாலும் தவணைக்குச் சம்மதிப்பார்கள். ஆனாலும் உத்தரவை வாங்கிவைத்துக்கொள்வார்கள். அதில் கலவரப்பட ஒன்றுமில்லை. ‘தவணை ஒழுங்காகக் கட்டும்வரை பெயிலிஃபுக்கு அனுப்ப மாட்டோம்’ என்பதை மின்னஞ்சலில் வாங்கிவிட்டால் போதும்.

ஒரு ஆறுதல்: லயபிலிட்டி ஆர்டர் உங்கள் கிரெடிட் கோப்பில் (கடன் வரலாற்றுப் பதிவில்) பதிவாகாது.

4. உத்தரவுக்குப் பின் வரும் படிவம்

லயபிலிட்டி ஆர்டரோடு, எங்கே வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்கும் படிவம் ஒன்று வரும். பதினான்கு நாளில் நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் இருப்பது குற்றம், அபராதம் உண்டு. அதைவிட முக்கியம், அதை அனுப்பினால் கவுன்சில் பெயிலிஃபை விட்டுவிட்டுச் சம்பளத்தில் பிடிக்க வாய்ப்பிருக்கிறது. பெயிலிஃப் கட்டணம் மிச்சம்.

ஆனால் சம்பளப் பிடித்தம் எல்லாருக்கும் நல்லதல்ல. இங்கிலாந்தில் நீண்ட காலமாக உள்ள அட்டவணைப்படி, கைக்கு வரும் மாதச் சம்பளம் 1,420-க்கும் 2,020-க்கும் இடையில் இருந்தால் 17 சதவீதம் பிடிப்பார்கள். 2,020-க்கு மேல் போனால், அதுவரை 17 சதவீதம், அதற்கு மேற்பட்டதில் பாதி. மாதம் 1,800 வாங்குபவருக்கு 306 பவுண்டு போகும். 2,500 வாங்குபவருக்கு 583.40 போகும். ஒரே நேரத்தில் இரண்டு உத்தரவுகள் வரை ஓடலாம். உங்கள் சம்பளம் இரண்டாயிரத்தைத் தாண்டினால், பிடித்தம் கேட்பதைவிடத் தவணை பேசுவதே நல்லது. முதலாளிக்குத் தெரிவதில் சங்கடம் உள்ளவர்களுக்கும் இதையே சொல்வேன்.

5. நோட்டீஸ் ஆஃப் என்ஃபோர்ஸ்மென்ட்: ஏழு நாள்

இந்தக் கடிதத்தை மேசையில் விரித்து நிதானமாகப் படியுங்கள். கணக்கு எண், எந்த நீதிமன்ற உத்தரவு, இன்றைய பாக்கி, எந்தத் தேதி எத்தனை மணிக்குள் கட்ட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தாக வேண்டும். அடியில் ஆளைப் பயமுறுத்தும் வாசகங்கள் தடித்த எழுத்தில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது அந்தக் கெடுத் தேதி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளையும் வங்கி விடுமுறைகளையும் கழித்து முழுதாக ஏழு நாள் கொடுத்தாக வேண்டும். அதற்குள் அவர்கள் வீட்டுக்கு வர முடியாது. 75 பவுண்டு ஏறியாகிவிட்டது. 235 இன்னும் ஏறவில்லை.

இந்த ஏழு நாளில் செய்ய வேண்டியதை முதல் நாளிலேயே தொடங்குங்கள்.

வருமானம், செலவு இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். வாடகை, மின்சாரம், எரிவாயு, சாப்பாடு, பஸ், குழந்தைச் செலவு, நடப்பு ஆண்டின் கவுன்சில் வரி. ஊருக்கு அனுப்பும் பணத்தை எழுதினால் அதை முதலில் வெட்டச் சொல்வார்கள், மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துவையுங்கள்.

கடன் ஆலோசனை தரும் நேஷனல் டெட்லைனை 0808 808 4000 என்ற எண்ணில் அழையுங்கள். இலவசம். ஸ்டெப்சேஞ்ச், சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகியவையும் பணம் வாங்காமல் உதவுகின்றன. ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் வாக்கியத்திலேயே கேளுங்கள். உங்கள் கடனைத் தீர்த்துத் தருகிறோம் என்று சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்து கட்டணம் கேட்பவர்கள் பக்கம் போகாதீர்கள்.

மேலே சொன்ன இலவச ஆலோசனை அமைப்புகளிடம் பிரீதிங் ஸ்பேஸ் பற்றிக் கேளுங்கள். 2021 மே 4 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடப்பில் உள்ள சட்டப் பாதுகாப்பு இது. கடன் ஆலோசகர் உங்களைப் பதிவு செய்துவிட்டால் 60 நாளுக்கு வசூல் நடவடிக்கை எல்லாம் நிற்க வேண்டும், பெயிலிஃப் உட்பட. நீங்களே விண்ணப்பிக்க முடியாது, ஆலோசகர் வழியாகத்தான். பன்னிரண்டு மாதத்தில் ஒருமுறைதான் கிடைக்கும். அந்த 60 நாளிலும் புதிதாக வரும் தவணைகளைக் கட்டிவர வேண்டும்.

அடுத்து எழுத்து. ஒரே கடிதத்தை கவுன்சிலுக்கும் பெயிலிஃப் நிறுவனத்துக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள். இரண்டு கணக்கு எண்களும் தலைப்பில் இருக்கட்டும். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் கட்ட முடியும் என்று தொகையாகச் சொல்லுங்கள். ‘சீக்கிரம் கட்டிவிடுகிறேன்’ என்று எழுதினால் அதை யாரும் மதிக்க மாட்டார்கள். வரவு செலவுத் தாளை இணையுங்கள். கணக்கைப் பெயிலிஃபிடமிருந்து திரும்பப் பெறுமாறு கவுன்சிலைக் கேளுங்கள். பெயிலிஃபிடமே பேசுங்கள் என்று தொலைபேசியில் தட்டிக்கழிப்பார்கள். திரும்பப் பெறும் அதிகாரம் கவுன்சிலுக்கு உண்டு. பெயிலிஃப் செய்யும் காரியத்துக்கும் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அதை மரியாதையாக, ஆனால் விடாமல் எழுதுங்கள்.

நலிந்த நிலையில் உள்ளவர்களை வேறுவிதமாக நடத்த வேண்டும் என்பது விதி. கர்ப்பம், கடும் நோய், ஊனம், அண்மையில் நேர்ந்த மரணம், தனியாகப் பிள்ளை வளர்ப்பது, வேலையின்மை என்று பட்டியல் போகிறது. பலருக்குத் தெரியாத ஒன்றும் அதில் இருக்கிறது: ஆங்கிலம் பேசவோ படிக்கவோ புரிந்துகொள்ளவோ தெளிவாகச் சிரமப்படுபவர்களும் நலிந்தவர்களாகக் கருதப்படலாம் என்று 2014-ஆம் ஆண்டின் தேசிய நெறிமுறை சொல்கிறது. வீட்டில் பெற்றோர் இருந்தால் இது அவர்களுக்காகவே எழுதியது போல் இருக்கும். ஆனால் சொல்லாமல் யாருக்கும் தெரியாது. மருத்துவரின் கடிதம் இருந்தால் சேருங்கள். நலிந்தவருக்கு ஆலோசனை பெறப் போதிய அவகாசம் தராமல் பெயிலிஃப் வந்தால், அந்த வருகைக் கட்டணத்தை வசூலிக்க முடியாது.

நிஜமாகவே கட்ட வழியில்லாதவர்களுக்கு, கவுன்சில் தன் விருப்பப்படி வரியைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ 1992-ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ(1)(சி) பிரிவு இடம் தருகிறது. பிரிவு எண்ணைக் குறிப்பிட்டுக் கேட்டால்தான் சரியான மேசைக்குப் போகும். விசா நிபந்தனை உள்ளவர்கள் இதற்கும் முன்பே ஆலோசனை பெறுங்கள்.

இரண்டு மூன்று ஆண்டு பாக்கிக்குத் தனித்தனி உத்தரவுகள் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், 75 பவுண்டு ஒவ்வொன்றுக்கும் போடலாம். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே வருகையாக நடத்த முடியும்போது 235-ஐ ஒருமுறைதான் போடலாம். கணக்கைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள்.

6. வாசலில்

காலை 6 மணி முதல் இரவு 9 மணிவரை வரலாம். சட்டையில் கேமரா, கையில் டேப்லெட், தெருவில் வேன். பேச்சு பெரும்பாலும் இனிமையாகவே இருக்கும். ‘மழையாக இருக்கிறதே, உள்ளே வந்து பேசலாமா? ஒரு கையெழுத்துதான்.’ நம் வளர்ப்பில் வாசலில் நிற்பவரை உள்ளே வரச் சொல்லாமல் இருப்பது கஷ்டம். அதற்காகத்தான் இந்தக் கட்டத்தை அழுத்திச் சொல்கிறேன்.

கவுன்சில் வரிக்காக முதல்முறை வரும் பெயிலிஃபுக்குக் கதவை உடைக்க அதிகாரம் இல்லை. உங்களைத் தள்ளிக்கொண்டு நுழையவோ, கதவு இடுக்கில் காலை வைத்துத் தடுக்கவோ, ஜன்னல் வழியாக ஏறவோ கூடாது. ஆனால் பூட்டாத கதவைத் திறந்து உள்ளே வரலாம். பின்கதவும் கதவுதான். எனவே பூட்டுங்கள்.

கதவைத் திறக்காமலே பேசுங்கள். கடிதத் துவாரம் வழியாகவோ மாடி ஜன்னலிலிருந்தோ பேசலாம். அடையாள அட்டையையும் அதிகாரக் கடிதத்தையும் காட்டச் சொல்லுங்கள். பெயரைக் குறித்துக்கொண்டு, நீதித்துறையின் சான்றளிக்கப்பட்ட ஏஜென்ட்களின் இணையப் பதிவேட்டில் தேடுங்கள். பெயர் இல்லை என்றால் கவுன்சிலை அழையுங்கள். நீங்களும் செல்பேசியில் பதிவு செய்யலாம். போலீஸ் வந்தால், சண்டை வராமல் பார்க்கத்தான் வருவார்கள். இந்தக் கடனுக்காக உங்களைக் கைது செய்ய மாட்டார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் எல்லாருக்கும் இதைச் சொல்லிவையுங்கள். அறை பகிர்ந்து வாழும் வீட்டில், இரவு வேலை முடித்துத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் நண்பர் பார்சல் என்று நினைத்துத் திறந்துவிடுவார். பெயிலிஃப் உள்ளே வருவது பெரும்பாலும் அப்படித்தான். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் வீட்டில் இருந்தால் அவர் உள்ளே வரக்கூடாது. என்றாலும் பிள்ளைகளுக்குக் கதவைத் திறக்காமல் பழக்குங்கள்.

வாசலில் பணம் கொடுத்தால் ரசீது வாங்காமல் விடாதீர்கள். முடியாத தொகைக்கு அவசரத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். ‘என் முன்மொழிவு உங்கள் அலுவலகத்துக்கு எழுத்தில் வந்திருக்கிறது’ என்று சொன்னால் போதும். அதற்கு மேல் பேச்சு வளர்க்க வேண்டியதில்லை.

7. கார்

வீட்டுக்குள் வர முடியாத பெயிலிஃப் முதலில் தேடுவது காரை. உங்கள் வீட்டு முன்னிடத்திலோ பொதுத் தெருவிலோ நின்றால் பூட்டுப் போடலாம். அதன்பின் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அகற்றலாம். வேறொருவரின் தனியார் இடத்தில் நிற்கும் காரை நீதிமன்ற அனுமதி இல்லாமல் தொட முடியாது. நோட்டீஸ் வந்தவுடன் காரை நண்பர் வீட்டு முன்னிடத்துக்கு அவர் சம்மதத்தோடு மாற்றிவிடுங்கள்.

தவணையில் எடுத்து இன்னும் கடன் முடியாத கார் நிதி நிறுவனத்துக்குச் சொந்தம். ஒப்பந்த நகலைக் காட்டுங்கள். வண்டிப் பதிவுச் சான்றை மட்டும் காட்டினால் போதாது, அது உரிமைச் சான்று அல்ல. மாற்றுத்திறனாளிக்கான நீல அட்டை வண்டியையும் எடுக்கக்கூடாது. டாக்ஸி, உணவு விநியோகம் என்று காரை வைத்துப் பிழைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தொழில் கருவிகளுக்கான பாதுகாப்பு மொத்தம் 1,350 பவுண்டு மதிப்புவரைதான். ஓரளவு நல்ல கார் எதுவும் அதற்குள் அடங்காது.

8. உள்ளே வந்துவிட்டால்

அவர் பொருள்களைப் பட்டியலிட்டு, கன்ட்ரோல்டு குட்ஸ் அக்ரிமென்ட் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்பார். பொருள்கள் உங்களிடமே இருக்கும், தவணை கட்டிவர வேண்டும். தவணை தவறினால், முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வந்து, இந்த முறை கதவை உடைத்தே நுழையலாம். ஆகவே கட்டவே முடியாத தவணைக்குக் கையெழுத்திடாதீர்கள்; கையெழுத்திட்டால் அந்தத் தேதியை மறக்காதீர்கள்.

அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம், படுக்கை, சாப்பாட்டு மேசை, குடும்பத்தினருக்குப் போதுமான நாற்காலிகள், ஒரு தொலைபேசி, மருத்துவ சாதனங்கள் போன்றவற்றைத் தொடக்கூடாது. தொலைக்காட்சி அந்தப் பட்டியலில் இல்லை. தங்க நகையும் இல்லை. அலமாரியில் நகை வைத்திருக்கும் வீடுகள் கவனத்தில் கொள்ளுங்கள். அறைத் தோழருடைய மடிக்கணினியைப் பட்டியலில் சேர்த்தால், அவர் பெயரில் உள்ள வாங்கிய ரசீதோடு உடனே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள்.

பெயிலிஃபால் எதுவும் எடுக்க முடியாமல் போனால் கணக்கு கவுன்சிலுக்குத் திரும்பும். கடன் அழிந்துவிடாது. சம்பளப் பிடித்தம், சொந்த வீடு இருந்தால் அதன்மேல் பிணைப்பு, 5,000 பவுண்டுக்கு மேல் போனால் திவால் மனு என்று வேறு வழிகளுக்குப் போகலாம். சிறை என்பது கடைசி. வேண்டுமென்றே கட்ட மறுத்தார் அல்லது அலட்சியத்தால் கட்டாமல் விட்டார் என்று நீதிமன்றம் வருமானத்தை விசாரித்து முடிவு செய்தால் மட்டும் அதிகபட்சம் மூன்று மாதம். அந்த விசாரணைக்கான அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள்.

9. புகார்

கட்டணம் தவறு, மிரட்டல், பொய் சொல்லி நுழைந்தது என்று ஏதாவது இருந்தால் முதலில் பெயிலிஃப் நிறுவனத்துக்கும் கவுன்சிலுக்கும் எழுத்தில் புகார் செய்யுங்கள். தேதி, நேரம், ஆளின் பெயர், உங்கள் பதிவு எல்லாம் இருக்கட்டும். அவருடைய கேமராப் பதிவைப் பாதுகாத்துவைக்குமாறும் கேளுங்கள். கவுன்சிலின் புகார் நடைமுறை முடிந்தும் திருப்தி இல்லையென்றால் உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஆம்பட்ஸ்மனிடம் (குறைகேள் அதிகாரியிடம்) போகலாம். பிரச்சினை தெரிந்த நாளிலிருந்து பொதுவாகப் பன்னிரண்டு மாதத்துக்குள். செலவில்லை, ஆனால் பொறுமை வேண்டும். பெயிலிஃபின் சான்றிதழை எதிர்த்து கவுன்டி நீதிமன்றத்துக்குப் போகவும் வழி உண்டு. செலவு உங்கள் மேல் விழக்கூடும் என்பதால் ஆலோசகரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

உத்தரவே உங்கள் மேல் போட்டிருக்கக்கூடாது என்றால், அதை ரத்து செய்ய நீதிமன்றத்தைக் கேட்குமாறு கவுன்சிலுக்கு எழுதுங்கள். கவுன்சிலே மனுச் செய்தால் உங்களுக்கு வேலை மிச்சம். மறுத்தால் நீங்கள் விண்ணப்பிக்கலாம். ஆனால் செய்தி தெரிந்தவுடன், தாமதிக்காமல்.

10. முடிந்த பிறகு

கடைசித் தவணை கட்டியதும், பாக்கி இல்லை என்று கவுன்சிலிடமும் பெயிலிஃப் நிறுவனத்திடமும் எழுத்தில் வாங்குங்கள். கட்டணத்தில் சில பவுண்டு விட்டுப்போய், அதற்கு ஒரு கடிதம் வருவது சகஜம். நடப்பு ஆண்டு வரியை நேரடி வங்கிப் பிடித்தத்தில் போட்டு, பத்துத் தவணைக்குப் பதில் பன்னிரண்டாகக் கேளுங்கள், கேட்டால் தரவேண்டும். வீடு மாறும் நாளில் பழைய கவுன்சிலுக்குக் காலி செய்த தேதியையும் புதிய முகவரியையும், புதிய கவுன்சிலுக்குக் குடிவந்த தேதியையும் தெரிவித்து, வரும் பதில் மின்னஞ்சலைப் பத்திரமாக வையுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் கவுன்சில் வரி யார் பொறுப்பு என்ற வாசகம் இல்லாவிட்டால், சாவி வாங்குவதற்கு முன் எழுதிச் சேர்க்கச் சொல்லுங்கள்.